வேண்டாம் என்ற ஒரு சொல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று சொல்லித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் இப்போதைக்கு நலம் என்றே வைத்துக்கொள். கடைசிவரை படித்துவிட்டு நீயே மாற்றிக்கொள்ளலாம்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. ஐஸ் ஃபேக்டரியை மூடிவிட்டோம். போனில் நீ கேட்கும்போதெல்லாம் மழுப்பிக்கொண்டிருந்தேன். கம்ப்ரஸர் நின்றதிலிருந்து இது வேறு வீடாகிவிட்டது. ஃபேக்டரியின் பின்சுவரை ஒட்டிய வீடு, உனக்குத் தெரியாததா? கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த இரைச்சலில்தான் சமைத்தேன், பிள்ளை வளர்த்தேன், உன் மாமாவோடு சண்டையும் போட்டேன். இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே அக்காவுக்குத் தொண்டை பெரிசாகிவிட்டது என்று நீகூடக் கிண்டல் செய்வாய். இப்போது சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தால் வாசல்வரை கேட்கிறது. உன்னிடம் போனில் ஒரு வார்த்தை பேசினாலும் அடுத்த அறையில் படுத்திருக்கும் உன் மாமா காதில் விழும். இது அவர் காதில் விழக் கூடாத விஷயம்.

முதலில் மற்றச் செய்திகள். உன் மருமகள் சௌக்கியம். பள்ளிக்கூட வேலை நிரந்தரமாகிவிட்டது. விடுமுறைக்கு வந்தால் அப்பாவோடு வாதம் செய்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள், உன் ரத்தம் அல்லவா. பின்கட்டுக் கூரையில் ஒழுகிய தகரத்தை மாற்றியாயிற்று. என் முழங்கால் வலி இருக்கிறது, அதுவும் நானும் ஒருவருக்கொருவர் பழகிக்கொண்டோம். நீ அனுப்பிய குடை வந்து சேர்ந்ததை முன்பே சொன்னேன். அந்தக் குடையைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறு.

தம்பி, உனக்குப் பழசு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. கல்லூரி விடுமுறைக்கு இங்கே வருவாயே, எதைக் கேட்டாலும் "சந்தை பாத்துக்கும்" என்று சொல்லிச் சொல்லி 'சந்தை' என்றே பெயர் வாங்கினாய். செருப்பு அறுந்தால்கூடச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்பாய். கடைசியில் அதைத் தைத்து வாங்கி வந்தது நான்தான். நானும் மற்றவர்களும் சிரித்தோம். உன் மாமா சிரிக்கவில்லை. பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்ட மனுஷன் உன் பேச்சை அப்படிக் கேட்பார். உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கேனைத் தூக்கி ஐஸ் பாரைக் கவிழ்த்து மரத்தூள் போட்டு மூடிக்கொண்டே, "மச்சான், அந்த சுதந்திரம்னு சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு" என்பார்.

நீ சொன்னதை நானும் கேட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "சுதந்திரம்னா பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல மாமா. வேண்டாம்னு சொல்ல முடியணும். அவ்வளவுதான்" என்றாய். வாங்குகிறவனும் வேண்டாம் என்று சொல்லலாம், விற்கிறவனும் சொல்லலாம், சொன்னால் அதை மதிக்க வேண்டும், இடையில் எவனும் கையை முறுக்கக் கூடாது என்றாய். உன் மாமா வேலையை நிறுத்திவிட்டுக் கேனைக் கீழே வைத்தார். கோயிலுக்குப் போய் வந்தவர் முகம் மாதிரி இருந்தது. நீ அதைச் சொல்லிவிட்டு டீ கேட்டாய். பிறகு வெளிநாட்டுக்குப் படிக்கப் போனாய். அவர் அந்தச் சொல்லோடு இங்கேயே குடித்தனம் நடத்தினார்.

ஐஸ்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே விலை வைப்போம் என்று சங்கத்திலிருந்து வந்தபோது வேண்டாம் என்றார். அரசாங்க மானியம் என்று வந்தவரை உட்காரவைத்து டீ கொடுத்து, வேண்டாம் என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் ஐஸ் விற்ற மனுஷனுக்கு யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாது, அதுதான் அவருடைய கோளாறு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிறர் வேண்டாம் என்று சொன்னாலும் அதை அப்படியே மதித்தார். பழைய வாடிக்கைக்காரர் வேறு இடத்தில் வாங்கினால் ஒரு முணுமுணுப்புக்கூட வராது. நமக்கு முன்னால் இருந்த ஐஸ் ஃபேக்டரியைத் தோற்கடித்துத்தானே இவர் வளர்ந்தார்? அவர்களைவிடச் சுத்தமான தண்ணீர், அவர்களைவிடக் குறைந்த விலை, சொன்ன நேரத்துக்கு வண்டி. படகுக்காரர்கள் தாங்களாக வந்தார்கள். அந்தப் பழைய முதலாளி கடையை மூடிய அன்று உன் மாமா வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "நீ நல்லாப் பண்ணினே, அதனால ஜெயிச்சே, அப்படின்னார்" என்றார். அந்தப் பேச்சை இத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருந்தார்.

மீன்பிடித் துறைமுகத்தை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது ஊர் இரண்டாகப் பிரிந்தது. உன் மாமா படகு படகாகப் போய்ப் பேசினார். அரசாங்கம் நடத்திய லட்சணம்தான் தெரியுமே, குழாயில் தண்ணீர் வராது, விளக்கு எரியாது, வாசலுக்கு வாசல் லஞ்சத்துக்குக் கை நீட்டுவார்கள். சொந்தக்காரன் வந்தால்தான் சொந்த வீடு மாதிரி பார்ப்பான் என்று எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். 'வெடி' என்று பெயர் வாங்கிய படகு முதலாளி, சிரித்தால் தெருக்கோடிவரை கேட்குமே, அவர்தான் கடைசிவரை முறுக்கிக்கொண்டு நின்றார். அவரையும் இவர்தான் கரைத்தார்.

ஆரம்பத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தரை பளபளவென்று இருந்தது, தண்ணீர் வந்தது, விளக்கு எரிந்தது. உன் மாமா என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுற்றிக் காட்டினார், ஏதோ அவரே கட்டியதுபோல. பிறகு கம்பெனி உள்ளேயே ஒரு ஐஸ் ஃபேக்டரி வைத்தது. நல்லது, போட்டி வரட்டும் என்றார். மீனைத் தங்களிடமே விற்கும் படகுக்கு ஐஸ் சும்மா என்றார்கள். இவர் விலையைக் குறைத்தார், ஆள் போதாமல் தானே கேன் தூக்கினார், இடுப்புப் பிடித்துக்கொண்டது. அப்போதும் மனம் விடவில்லை. தண்ணீரை இன்னும் ஒரு முறை வடிகட்டினால் ஐஸ் கண்ணாடிபோல வரும், வாங்குகிறவனுக்குத் தெரியும் என்றார்.

அதற்குப் பிறகுதான் வெளியிலிருந்து வரும் ஐஸுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று விதி வைத்தார்கள். சான்றிதழ் கொடுப்பதும் கம்பெனிதான். அரசாங்கமும் அதற்குத் தலையாட்டிவிட்டது. இவர் நம் ஐஸைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தேறவில்லை என்றார்கள். என்ன குறை என்று கேட்டால் பதில் இல்லை. திரும்பவும் கொடுத்தார். திரும்பவும் அதே. உன் மருமகள் கோர்ட்டுக்குப் போகலாம் என்று குதித்தாள், தெரிந்த வக்கீலிடமும் பேசிவிட்டு வந்தாள். உன் மாமா, "அவன் இடம், அவன் வாசல். யாரை உள்ள விடணும்னு அவன்தான் சொல்லணும். நம்ம ஃபேக்டரிக்குள்ள எவனை விடணும்னு கோர்ட்டா சொல்லுது?" என்றார்.   நம் வாசல் வழியாகத்தான் ஊரே கடலுக்குப் போகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு எப்போதும் பதில் அடுத்த நாள்தான் வரும், பாத்திரம் கழுவும்போது.

இனி எழுதப்போவதை உன் மாமா எழுதச் சொல்லவில்லை. எழுதக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பார்.

மீன் அள்ளிக்கொண்டு வருகிற பருவத்தில் கம்பெனியின் ஐஸ் எந்திரம் பழுதாகிவிட்டது. படகெல்லாம் வயிறு நிறைந்து கரைக்கு வந்து நிற்கிறது, ஐஸ் இல்லை. வெயில் கொளுத்துகிறது. வெடி அண்ணன் வேர்க்க விறுவிறுக்க நம் வீட்டுக்கு ஓடி வந்தார். "நீதாம்பா காப்பாத்தணும்" என்று உன் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு நீ அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நல்ல பொருளுக்கு ஒரு நாள் ஆள் தேடி வரும் என்று இத்தனை நாளும் சொன்னது பலித்துவிட்டது அவருக்கு. தொட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்து லாரியில் ஏற்றினார். தார்ப்பாய் பிடிக்க ஆள் இல்லை என்று நானும் ஏறினேன். நீ அனுப்பிய குடையை என்னிடம் கொடுத்து, மச்சான் குடை, வெயிலுக்கு நல்லது என்றார்.

துறைமுக வாசலில் நின்றது யார் தெரியுமா? நம்மிடம் கேன் தூக்கிக்கொண்டிருந்த ஒல்லிப் பையன் ஒருவன் இருந்தானே, நீகூட 'நூலு' என்று கூப்பிடுவாய். இப்போது ஆள் பெருத்துக் குடும்பஸ்தனாகிவிட்டான், கம்பெனிச் சீருடை. "அண்ணே, சான்றிதழ் இல்லாத ஐஸை விட்டா என் வேலை போயிரும். கேமரா பாக்குதுண்ணே" என்றான். மேலே கேட்டுச் சொல்லு என்றார் இவர். கேட்டான். விடக் கூடாது என்று பதில் வந்தது. அவன் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் படகுகள். இந்தப் பக்கம் நாங்கள். மீன் வாடை மாறுவது மூக்குக்கே தெரிகிறது. படகுக்காரர்கள் வேலிக்கு ஓடி வந்து, மேலே தூக்கிப் போடுங்கள், நாங்கள் பிடித்துக்கொள்கிறோம் என்றார்கள். வேலி ஒன்றும் பெரிய உயரமில்லை. லாரி டிரைவர் ஒரு பாரைத் தோளில் தூக்கிவிட்டார்.

உன் மாமா வேண்டாம் என்றார்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "அவன் இடம். அவன் வேண்டாம்னுட்டான். வேலி தாண்டிப் போட்டா அது திருட்டு மாதிரி" என்றார். நான் கெஞ்சினேன், தம்பி. தெருவில் நின்று புருஷனைத் திட்டினேன் என்றே சொல்லலாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தேன். லாரியிலிருந்து ஐஸ் உருகி ஒழுகி, தரைச் சரிவில் ஓடி, வேலிக்கு அடியில் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தண்ணீரை யாரும் தடுக்கவில்லை.

வெயில் ஏறியதும் குடையை விரித்து அவர் தலைக்கு மேலே பிடித்தேன். நான் பிடித்ததுதான் தப்பு. குடையில் நீ வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயர், அதற்குக் கீழே நீல நங்கூரம். கம்பெனியின் வாசல் பலகையில் இருந்த அதே நங்கூரம். வெடி அண்ணன் குடையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "குடை குடுத்தவனுக்கு விசுவாசமா நிக்கிறியா? எங்களை எல்லாம் பேசிப் பேசி இவன்கிட்ட மாட்டிவிட்டது இதுக்குத்தானா?" என்று கேட்டார். அந்த மனுஷன் சிரிக்காமல் பேசி நான் பார்த்ததில்லை. மச்சான் அனுப்பிய குடை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் மாமா சொல்லவில்லை. உன் பேர் அந்த இடத்தில் வர வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. குடையை என் கையிலிருந்து வாங்கி மடக்கி, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

கெட்ட மீனைத் தீவனத்துக்கென்று கம்பெனியே அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டது. வேண்டாம் என்று சொல்ல ஒரு படகுக்காரருக்கும் வழியில்லை. இந்தக் கரையில் வேறு துறை ஏது?

வீட்டுக்கு வந்ததும் உன் மாமா நேரே போய்க் கம்ப்ரஸரை அணைத்தார். அவ்வளவுதான்.

அதற்கப்புறமும் இரண்டு மூன்று நாளில் தேறிவிடுவார் என்றுதான் இருந்தேன். அந்தச் சமயம் பார்த்து உன் மருமகள் ஊரிலிருந்து கோபமாக வந்து, ஒரு வீடியோவைப் போட்டுப் போனை நீட்டினாள். "பாருங்கப்பா, உங்க வாத்தியார் பேசறதை" என்றாள். நீ ஏதோ பெரிய மண்டபத்தில் பேசுகிறாய். நம் துறைமுகத்தைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னாய். ஊர் பேர் சொல்லாவிட்டாலும் பின்னால் காட்டிய படத்தில் தெரிந்தது நம் துறைமுக வாசல்தான். இங்கே யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, எல்லோரும் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள், எல்லோருக்கும் லாபம் என்றாய். கோட்டு உனக்கு நன்றாக இருந்தது. கொஞ்சம் இளைத்திருக்கிறாய்.

மகள் எதிர்பார்த்தது, அப்பாவுக்குக் கோபம் வரும் என்று. அவர் போனை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, "மச்சான் சொல்றது சரிதான். எல்லாருக்கும் நல்லா நடக்குதுன்னா கோளாறு எங்கிட்டதான். நான்தான் சரியாப் பண்ணல. சந்தை தப்புப் பண்ணாது" என்றார். அவள் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு அழுதாள்.

அன்றிலிருந்து படுத்தவர்தான். டாக்டர் வந்து பார்த்தார். உடம்பில் ஒன்றுமில்லை, சாப்பிட வையுங்கள், மனசு விட்டுவிட்டால் மருந்து கேட்காது என்றார். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் வேண்டாம் என்கிறார். பால் கொண்டுபோனால் வேண்டாம். வெடி அண்ணன் மனசு கேட்காமல் மன்னிப்புக் கேட்க வந்து வாசலில் நின்றார், அவரையும் பார்க்க வேண்டாம் என்றுவிட்டார். எலும்பும் தோலுமாகிவிட்டார், தம்பி.  சாகிற ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நலம் என்று எழுதத்தானே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?

நான் உன்னைப்போலப் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தப் பழைய ஃபேக்டரிக்காரர் தோற்றார், உன் மாமா ஜெயித்தார், அது போட்டி. தோற்றவரே வாயால் ஒத்துக்கொண்டார். இவரை யார் ஜெயித்தது? இவருடைய ஐஸைவிட நல்ல ஐஸ் எது? பந்தயம் ஓடுகிறவனே பாதைக்கும் சொந்தக்காரன், கொடி அசைக்கிறவனும் அவனே என்றால், பின்னால் வந்தவனை நொண்டி என்று சொல்லலாமா? வேண்டாம் என்று எல்லோராலும் சொல்ல முடிந்தால் சுதந்திரம் என்றாய். ஒருத்தனால் மட்டும் சொல்ல முடிகிற இடத்துக்கு என்ன பெயர்? அரசாங்கத்தைக் கண்டு பயப்படச் சொல்லிக்கொடுத்தாய், சரி, அதில் தப்பில்லை. இவர்களைக் கண்டு பயப்பட நீ சொல்லித்தரவில்லையே.

இதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். பொண்டாட்டி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ சொன்னால்தான் நம்புவார். அவருக்கு வாத்தியார் நீ ஒருத்தன்தான்.

அதனால் கேட்கிறேன். அவருக்கு ஒரு கடிதம் எழுது. நீளமாக வேண்டாம், இரண்டு வரி போதும். மாமா, நீங்கள் தோற்கவில்லை, அது சந்தையே இல்லை என்று எழுது. மேடையில் பேசச் சொல்லவில்லை. பத்திரிகையில் போடச் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது. அவர் படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுகிறேன்.

உனக்கு அதில் சங்கடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நங்கூரத்தை நானும் பார்த்தேன். அதைப் பற்றி உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். உனக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். குடையை வெளியே போடப் போனேன், உன் மாமா விடவில்லை. மச்சான் ஆசையாக அனுப்பினது என்று கட்டிலுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறார். கண் விழித்தால் முதலில் அதைத்தான் பார்க்கிறார்.

அவர் அசைகிற சத்தம் கேட்கிறது. போய்ப் பார்க்கிறேன். தபால்காரர் வரும் நேரம்.

சின்ன வயசில் உனக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தைக் கண்டாலே வேண்டாம் வேண்டாம் என்று வீடே இடிந்து விழுகிற மாதிரி கத்துவாய். உன்னை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நான்தான் புகட்டுவேன். இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று அம்மா திட்டுவாள். இருக்கட்டும் அம்மா, பிழைத்துக்கொள்வான் என்பேன். கடவுள் உனக்கு எல்லாம் கொடுத்திருக்கிறார், தம்பி. வேண்டாம் என்று கத்திய அந்த வாயையும் உன்னிடமே விட்டுவைத்திருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உன் பதிலுக்காகச் சாப்பாட்டுத் தட்டோடு காத்திருக்கும்,
அக்கா